பெரியம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தாள்: மாயக்கதையில் சக்தி பெற்றவரின் உயிரை எழுதுவது எப்படி

மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். கடலூரில் வீடு, புதுச்சேரியில் அச்சகம். இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரே பாதை: மஞ்சக்குப்பம், ஆல்பேட்டை, பெண்ணையாற்றுப் பாலம், முள்ளோடை எல்லை, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம். ஜன்னலோரம் இடம் கிடைத்தால் போகும்போது பத்துப் பக்கம், வரும்போது பத்துப் பக்கம் பார்த்துவிடுவேன். பஸ் குலுங்கியதால் விழுந்த பென்சில் கோடு எது, நான் வேண்டுமென்றே போட்ட கோடு எது என்பது எங்கள் அச்சகத்தில் பக்கம் அமைக்கும் பெண்ணுக்கு அத்துபடி.

முன்பெல்லாம் ஜோதிடம், தலபுராணம், சமையல் குறிப்பு, மணிவிழா மலர் என்று வரும். இப்போது வருவதில் பாதி மாயக்கதை. எழுதுகிறவர்கள் எல்லோரும் இருபது, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள். நன்றாகவே எழுதுகிறார்கள். போர்க்களம் கண்முன்னே நிற்கிறது, குதிரை ஓடினால் புழுதி மூக்கில் ஏறுகிறது. ஆனால் ஏழாவது அல்லது எட்டாவது அத்தியாயத்தில் கதாநாயகனுக்கு ஒரு சக்தி வந்துவிடும். இடி இடிக்கும், கண் நீலமாகும், தலைமுடி பறக்கும். அதற்கப்புறம் இரண்டில் ஒன்றுதான் நடக்கும். ஒன்று, அதே பையன் அப்படியே இருப்பான், அடி மட்டும் பலமாக விழும். அல்லது நான்கே வரியில் கொடியவனாகி, கடகடவென்று சிரிக்கத் தொடங்கிவிடுவான்.

அப்படிப்பட்ட இடங்களில் பக்கத்தின் ஓரத்தில் ‘உ?’ என்று போடுவேன். ‘இவன் உயிர் எங்கே?’ என்பதன் சுருக்கம் அது. தேவனாம்பட்டினத்துப் பிள்ளை ஒருவன் தன் நாவலைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டு, மறுநாள் தொலைபேசியில் கேட்டான்: “அக்கா, எல்லாப் பக்கத்திலும் ஏன் பிள்ளையார் சுழி போட்டிருக்கிறீர்கள்? பக்கத்திலேயே கேள்விக்குறி வேறு. பிள்ளையார் இருக்கிறாரா என்று சந்தேகமா?”

அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் சொல்லைத் தேர்ந்துகொள்ளுங்கள்

இதைச் செய்யாமல் மேலே போகக் கூடாது. உயிர், ஆவி, ஆன்மா, சீவன் எல்லாம் ஒன்றுதானே என்று மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். ஒன்றில்லை. உயிர் துடிக்கும், ஊசலாடும், போகும். ‘உயிரை வாங்காதே’ என்று அம்மா திட்டுவாள். ‘ஆன்மாவை வாங்காதே’ என்று எந்த அம்மாவும் திட்டியதில்லை. ஆவி அலையும், பிடிக்கும், இட்லிப் பானையிலிருந்தும் வரும். ஆன்மா ஒரு பிறவியிலிருந்து இன்னொரு பிறவிக்குப் போகும், சாந்தியடையும், அதற்குப் பசிக்காது. சீவன் ஒடுங்கும், கண்ணில் இருக்கும், முகத்தில் இல்லாமல் போகும்.

ஆக, எந்தச் சொல்லை எடுக்கிறீர்களோ அதுவே உங்கள் உலகத்தின் சட்டத்தில் பாதியை எழுதிவிடுகிறது. ‘ஆன்மா’ என்று எழுதினால் உங்கள் கதையில் மறுபிறவி இருந்தாக வேண்டும், குறைந்தபட்சம் வினைக்கணக்காவது இருக்க வேண்டும். ‘ஆவி’ என்றால் உடம்பை விட்டு அது தனியாக உலவ முடியும், யாராவது அதைப் பார்த்துப் பயப்பட முடியும். எனக்குப் பிடித்தது உயிர். பசி தூக்கமெல்லாம் தெரிந்த சொல். ஒரு தாளில் நான்கு சொல்லையும் எழுதி, உங்கள் நாயகனை வைத்து ஒவ்வொன்றுக்கும் மூன்று வாக்கியம் எழுதிப் பாருங்கள். எது நாக்கில் இடறாமல் வருகிறதோ அதையே நாவல் முழுக்க வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் மாற்றினால் நான் பென்சிலை எடுப்பேன்.

மெய்ப்புப் பார்க்கிறவளுக்கு உயிர் என்றதும் எழுத்துத்தானே ஞாபகம் வரும். மூன்றாம் வகுப்புப் பாடம்தான், ஆனால் இந்த விஷயத்துக்கு அதைவிடப் பொருத்தமாக எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ‘க்’ என்ற மெய்யோடு ‘ஆ’ என்ற உயிர் சேர்ந்தால் ‘கா’. கண்ணுக்குத் தெரிவது ககரத்தின் உருவம்தான். ‘ஆ’ தன் வடிவத்தை இழந்து, பக்கத்தில் ஒரு துணைக்காலாக நின்றுவிடுகிறது. ஆனால் ஒலிக்கும் அளவு யாருடையது? ‘க்’கின் அரை மாத்திரை அன்று, ‘ஆ’வின் இரண்டு மாத்திரை. வடிவம் மெய்யினுடையது, அளவு உயிரினுடையது.

சக்தி வந்த மனிதனையும் இப்படி எண்ணிக்கொள்ளுங்கள். நெருப்புக் கண், ஆயிரம் கை, பறக்கும் முடி எல்லாம் வடிவம். எவ்வளவு தூரம் அது செல்லும், எங்கே நிற்கும் என்பதை உள்ளே துணைக்காலாக ஒடுங்கி நிற்கிற பழைய ஆள்தான் தீர்மானிக்கிறான். அற்பன் கையில் வந்த பெரும் சக்தி அற்ப நீளத்துக்குத்தான் ஒலிக்கும். அவன் கடலையே பிளந்துவிட்டு, எதிர்வீட்டுக்காரன் அதைப் பார்த்தானா என்று திரும்பிப் பார்ப்பான்.

சக்தி எந்த வாசல் வழியாக வந்தது?

அடுத்து இதைத் தீர்மானியுங்கள். ஏறியதா, கேட்டு வாங்கியதா, பழகி அடைந்ததா, செத்துப் பெற்றதா? ஒவ்வொன்றிலும் உயிர் இருக்கும் இடம் வேறு.

ஏறியதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் அதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

பண்ருட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் என் பெரியம்மா இருந்தாள். முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை. உடைக்கும்போது ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். கையில் சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உட்காருவார்கள். அப்படியும் பெரியம்மாவின் இரண்டு கைகளிலும், விரல் நுனியிலும் உள்ளங்கை ரேகையிலும் கறுப்பு ஏறிக் கிடக்கும். புளி போட்டுத் தேய்த்தாலும் போகாது.

ஆடி வெள்ளிக்கிழமைகளில் அவளுக்கு அம்மன் வரும். பம்பை முழங்கத் தொடங்கும்போது கூட்டத்தில் ஒருத்தியாக, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிற்பாள். அப்புறம் கீழுதடு நடுங்கும். கால் கட்டைவிரல் மண்ணைக் கிளறும். ஒரு கூவல். அதன் பிறகு அவள் குரல் அவளுடையதாக இருக்காது. ஊரில் மிராசு என்று எல்லோரும் எழுந்து நிற்கும் மனிதரை “டேய்” என்று கூப்பிடுவாள். முந்தின நாள் தேங்காய்க் கணக்குக்காகத் தெருவில் நின்று சண்டை போட்ட ஓரகத்தியை மகளே என்று அழைத்துத் திருநீறு பூசுவாள். பூசுகிற கையைத்தான் நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். அதே கறுப்பு. அம்மன் வந்துவிட்டாள், ஆனால் முந்திரிக் கறை இருக்கிறது.

உங்கள் கதையில் அந்தக் கறையை முதலில் கண்டுபிடியுங்கள். சக்தி வந்த பிறகும் போகாதது எது? குரல், நடை, பார்வை எல்லாம் மாறட்டும். ஒன்று மட்டும் மாறாமல் கிடக்கட்டும். வாசகர் அதைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே இருக்கும் மனிதரைத் தேடுவார்.

இன்னொன்று. பெரியம்மாவுக்குப் பின்னால் எப்போதும் பெரியப்பா நிற்பார். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், அவள் சாய்ந்தால் பிடிக்க ஒரு கை தூரத்தில். மற்ற நாட்களில் அவளிடம் அரிசி விலைக்கும் உப்பு விலைக்கும் சண்டை போடுகிறவர்தான். சக்தி வந்தவரை எழுதும்போது பின்னால் நிற்கும் ஆளை எழுதப் பலர் மறந்துவிடுகிறார்கள். அப்படி ஒருவர் இல்லாத கதாநாயகன் கீழே விழுவான், தலையில் அடிபடும். அதுவும் ஒரு கதைதான். ஆனால் தெரிந்து எழுத வேண்டும்.

ஒரு வருஷம் பெரியம்மாவின் மகன், என் அண்ணன், வரிசையில் நின்றான். படித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்தான். அதுவரை வந்தவர்களுக்கெல்லாம் அம்மன் வாய் நிறைய வாக்குக் கொடுத்தாள்: பிள்ளை பிறக்கும், கிணறு ஊறும், வழக்கு ஜெயிக்கும். அண்ணன் தலைகுனிந்து நின்றபோது பம்பை அதே வேகத்தில்தான் அடித்துக்கொண்டிருந்தது. அம்மன் அவனைப் பார்த்தாள். “உனக்குப் பார்க்கிறேன், போ” என்றாள். அவ்வளவுதான். திருநீறுகூட மற்றவர்களைவிடக் குறைவு. சொந்தப் பிள்ளைக்கு அதிகம் கொடுத்தால் ஊர் என்ன சொல்லும் என்ற பயம், அத்தனை ஆவேசத்துக்கு நடுவிலும் எங்கிருந்தோ எட்டிப் பார்த்தது. அம்மனுக்கு என்ன பயம்? பயந்தது பெரியம்மா.

அந்த இரவு நான் அவள் பக்கத்தில் படுத்திருந்தேன். எனக்குப் பன்னிரண்டு வயது. “அம்மன் வந்தபோது நீ எங்கே இருந்தாய், பெரியம்மா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: “வீட்டுக்குள்ளே யாரோ பெரிய இடத்து அம்மாள் வந்திருக்கிறாள். உட்கார வைத்துவிட்டு நான் திண்ணையில் இருக்கிறேன். உள்ளே பேசுகிற சத்தம் கேட்கிறது, என்ன பேச்சு என்று புரியவில்லை. அப்படி இருந்தது.”

மனிதனுக்குச் சக்தி வந்தால் உயிர் என்ன ஆகும் என்ற கேள்விக்கு நான் படித்தவற்றில் இதைவிடத் துல்லியமான பதில் இல்லை. திண்ணையை வைத்தே உங்கள் காட்சியை எழுதலாம். திண்ணையில் இருக்கிற உயிர் தூங்குகிறதா, காதைக் கதவில் வைத்துக் கேட்கிறதா? கதவு உள்ளே தாழிட்டிருக்கிறதா? விருந்தாளி போன பிறகு வீட்டுக்குள் நுழைந்தால் பாத்திரங்கள் வைத்த இடத்தில் இருக்கின்றனவா? சில கதைகளில் விருந்தாளி போகமாட்டாள். திண்ணையிலேயே ஒரு பாய், ஒரு செம்பு என்று உயிர் குடித்தனம் நடத்தத் தொடங்கிவிடும். எனக்கு அப்படி ஒரு நாவல் படிக்க வேண்டும் என்று ஆசை. இதுவரை யாரும் கொண்டுவரவில்லை.

கேட்டு வாங்கிய வரத்தைப் பற்றி நீளமாகப் பேச வேண்டாம். இரணியனும் பஸ்மாசுரனும் தெருக்கூத்தில் பார்த்தவர்கள்தானே. வரம் என்பது வார்த்தை. வார்த்தையில் ஓட்டை இருக்கும். அதைக் கதாசிரியர்கள் நன்றாகவே எழுதுகிறார்கள். நான் ஒன்று மட்டும் சேர்ப்பேன்: அவன் எதைக் கேட்டான் என்பதைவிட, கேட்பதற்கு முன் எத்தனை இரவு அந்த வாக்கியத்தை மனத்துக்குள் திருத்தித் திருத்தி எழுதினான் என்பதைக் காட்டுங்கள். பயம் அந்தத் திருத்தங்களில் இருக்கிறது.

செத்துப் பெற்ற சக்தி நம் ஊர்க் காவல் தெய்வங்களில் பலருடையது. அநியாயமாக வெட்டுப்பட்டவன் வீரனாகி எல்லையில் நிற்கிறான். வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளே அவனுக்குப் பொங்கல் வைக்கிறார்கள். இங்கே கவனிக்க வேண்டியது, அந்த உயிர் கோபத்திலேயே நின்றுபோனது. ஊருக்குக் காவல் வேண்டும் என்பதால் அந்தக் கோபம் ஆறிவிடாமல் ஆண்டுதோறும் உணவு கொடுத்து வளர்க்கிறார்கள். அவனுக்கு எப்போதாவது தூங்க வேண்டும் என்று தோன்றாதா? அந்த ஒரு கேள்வியில் ஒரு குறுநாவல் இருக்கிறது.

பழகி அடைந்தவர்கள்

யோகத்தில் பழகி வரும் சித்தி என்றால் அணிமா, மகிமா, இலகிமா என்று எட்டையும் பட்டியல் போட்டு, அத்தியாயத்துக்கு ஒன்றாகக் கொடுத்துவிடுகிறார்கள், ரேஷன் கடையில் கொடுப்பது போல. ஒன்றே போதும். அதற்கு உடம்பும் வீடும் என்ன விலை கொடுத்தன என்று எழுதுங்கள்.

திருமூலர் வரலாறு தெரிந்ததுதான். சுந்தரநாதர் என்ற யோகி, திருவாவடுதுறைக்குப் பக்கத்தில் சாத்தனூரில், மூலன் என்னும் இடையன் இறந்து கிடப்பதையும் அவன் பசுக்கள் சுற்றி நின்று அழுவதையும் காண்கிறார். பசுக்களின் துயரம் தாங்காமல் தம் உடலை ஓரிடத்தில் வைத்துவிட்டு மூலன் உடலுக்குள் புகுகிறார். பசுக்கள் அவரை நக்கி, மோந்து, மகிழ்ந்து வீடு திரும்புகின்றன. மூலனின் மனைவி வருகிறாள். அவர் அவளோடு போக மறுக்கிறார். மறுநாள் வந்து பார்த்தால், வைத்த இடத்தில் தம் உடல் இல்லை.

கூடுவிட்டுக் கூடு பாய்வதை எழுதுகிறவர்கள் பாய்ச்சலைத்தான் எழுதுகிறார்கள். இந்த வரலாற்றில் பாய்ச்சல் அரை வரி. மீதியெல்லாம் புகுந்த கூட்டின் சொந்தபந்தம். அந்த உடம்புக்கு ஒரு மனைவி இருக்கிறாள்; அவள் ஊர்ப் பெரியவர்களிடம் போய் முறையிடுகிறாள். பசுக்களுக்கு உடம்பே போதும், மனைவிக்குப் போதாது. உங்கள் கதையிலும் இதை நிச்சயித்துக்கொள்ளுங்கள்: மாற்றத்தை முதலில் யார் கண்டுபிடிக்கிறார்கள்? நாயா, பாட்டியா, கடன் கொடுத்தவனா? அப்புறம், விட்டுவந்த உடம்புக்கு யார் காவல்? அருணகிரிநாதர் கிளியின் உடம்பில் புகுந்து பூப் பறிக்கப் போனபோது அவர் உடலைப் பகைவர்கள் எரித்துவிட்டார்கள் என்று திருவண்ணாமலையில் கதை சொல்வார்கள். இரண்டு கதையிலும் திரும்பி வர வீடில்லை. இது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் மாவட்டத்திலேயே வடலூர் இருக்கிறது. வள்ளலார் 1872இல் சத்திய ஞான சபையைத் திறந்தார். தைப்பூசத்தன்று அங்கே கறுப்பில் தொடங்கி ஏழு நிறத்தில் ஏழு திரைகளை விலக்கி ஜோதி காட்டுவார்கள். சிறுமியாக அப்பாவின் தோளில் இருந்து பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு திரை விலகும்போதும் கூட்டம் ஓர் அடி முன்னே நகரும். ஜோதி பெரிதாவதில்லை. திரைதான் குறைகிறது. மாயக்கதை எழுதுகிறவர்கள் எல்லோரும் சக்தி என்றால் புதிதாக ஒன்று வந்து சேர்வது என்றே எண்ணுகிறார்கள். ஒன்று விலகுவதாகவும் எழுதலாம். விலகியது திரும்ப மூடாது என்று வைத்தால், உங்கள் நாயகிக்கு அது வரமா தண்டனையா என்று கடைசிவரை சொல்ல முடியாது.

அதே மனிதர் சபைக்கு ஐந்து ஆண்டுக்கு முன்பே, 1867இல், தருமச்சாலையைத் தொடங்கி அடுப்பு மூட்டிவிட்டார். அந்த அடுப்பு அணையாமல் இன்றும் எரிகிறது. வாடிய பயிரைக் கண்டபோதெல்லாம் வாடியவர். அதை ஓர் எழுத்தாளராக நின்று பாருங்கள்: உயிர் விரிந்தால் வலியும் விரிகிறது, தன் தோலுக்கு வெளியே, வயலில் நிற்கும் நெல்லிலும் வலிக்கிறது. கொடியவனாவது ஒன்றுதான் சக்தியின் விளைவு என்று எழுதிக்கொண்டிருக்கிறவர்கள், இந்தப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்க்கலாம். 1874 ஜனவரி 30இல் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார். உடல் கிடைக்கவில்லை.

இன்னொரு வகையும் உண்டு, சக்தி தங்காமல் ஒரே ஒருமுறை கடந்து போவது. நான் பஸ் ஏறுகிற திருப்பாதிரிப்புலியூரில்தான், கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பர் கரையேறினார் என்பது வரலாறு. கல் மிதந்தது. ஆனால் அவர் அதன்பிறகு கல்லை மிதக்க வைக்கிறவராக ஊர் ஊராகப் போகவில்லை. உழவாரத்தை எடுத்துக்கொண்டு கோயில் முற்றத்தில் புல் செதுக்கப் போனார். பெரிய அதிசயத்துக்குப் பிறகு சின்ன வேலை. இந்த வடிவம் புதிதாக எழுதுகிறவர்களின் கையில் கிட்டத்தட்ட வருவதே இல்லை.

கெடுத்தது சக்தி என்று எழுதாதீர்கள்

சைவ சித்தாந்தம் பழைய தென்னார்க்காட்டு மண்ணில் வளர்ந்தது. மெய்கண்டார் திருவெண்ணெய்நல்லூர்க்காரர், அவர் மாணவர் அருணந்தி பண்ருட்டிக்குப் பக்கத்தில் திருத்துறையூர். நான் பண்டிதை இல்லை. அந்நூல்களுக்கு மெய்ப்புப் பார்த்த வகையில் ஒட்டிக்கொண்டது கொஞ்சம். உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் என்பார்கள். படிகத்தின் பக்கத்தில் செம்பருத்தியை வைத்தால் படிகம் சிவப்பாகத் தெரிவது போல. ஆனால் ஆணவம் அப்படிப் பக்கத்தில் வந்து ஒட்டியதன்று. செம்பில் களிம்பு போல, நெல்லில் உமி போல, முதலிலிருந்தே இருப்பது.

கதை எழுத இது அருமையான கருவி. சக்தி வந்தது, அதனால் கெட்டான் என்றால் வாசகர் நம்பமாட்டார். களிம்பு ஏற்கெனவே இருந்தது. சக்தி அதற்கு அகலமான பாத்திரத்தைக் கொடுத்தது என்று எழுதுங்கள்.

தேவனாம்பட்டினத்துப் பிள்ளையின் நாவலில் இதுதான் கோளாறு. அலைகளுக்குக் கட்டளையிடும் சக்தி ஒரு மீனவ இளைஞனுக்கு வருகிறது. ஒரே இரவில் கொடுங்கோலனாகிவிடுகிறான். “தம்பி, இவன் முன்பு எதில் கஞ்சன்?” என்று கேட்டேன். “கஞ்சனெல்லாம் இல்லை அக்கா, நல்லவன்” என்றான். “நல்லவனுக்கும் ஒரு கஞ்சத்தனம் இருக்குமே.” யோசித்துவிட்டு, திருத்தி எழுதிய அடுத்த படியில் இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு வரி சேர்த்திருந்தான்: கரையில் பங்கு பிரித்த பிறகு அவன் தன் மீனை மட்டும் இரண்டு முறை எண்ணுவான். சிரித்துக்கொண்டே, யாருக்கும் தெரியாமல். அவ்வளவுதான். எட்டாம் அத்தியாயத்தில் சக்தி வந்ததும் அவன் கரையில் உட்கார்ந்து அலைகளை எண்ணத் தொடங்குகிறான். எனக்குச் சில்லென்றது. கடகடச் சிரிப்பு ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.

சோற்றுத்தட்டில் காட்டுங்கள்

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். இளவயதில் நானும் ஒரு மாயக்கதை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினேன். பிறர் மனத்தைப் படிக்கும் சக்தி ஒருத்திக்கு வருகிறது. நாற்பது பக்கம், அத்தனையும் தத்துவம். திரும்பி வந்தது. முதல் பக்கத்தின் மேலே அந்த ஆசிரியர் சிவப்பு மையில் ஒரே வரி எழுதியிருந்தார்: ‘இவள் எப்போது சாப்பிடுவாள்?’ ஒரு வாரம் அழுதேன். அவரை வைத வசவுக்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

அந்தக் கேள்வியைத்தான் இன்று எல்லோரிடமும் கேட்கிறேன். ஒரு நோட்டில் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் வந்தது, வலப்பக்கம் போனது. வலப்பக்கத்தில் ‘மனிதத்தன்மை’ என்று எழுதினால் அடித்துவிடுவேன். தூக்கம், கனவு, புளிப்பு, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பும் வேகம், மழைக்கு முன் மண்ணின் வாசனை, கூச்சம், இப்படிக் கையில் பிடிக்கக்கூடியதாக எழுதுங்கள். ஒன்றோ இரண்டோ போதும்.

ஒரு மாதிரிக்கு. வந்தபடி இருந்தது இது: ‘அவன் நெற்றியில் மின்னல் இறங்கியது. உடலெங்கும் ஆயிரம் சூரியன்கள் உதித்தன. அவன் இனி மனிதன் அல்லன்.’

நான் வேறு மாதிரி எழுதிக் காட்டியது: ‘அம்மா வைத்த மீன் குழம்பில் அன்றிரவு அவனுக்குப் புளிப்புத் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னான். அப்போதும் தெரியவில்லை. “நன்றாக இருக்கிறதா?” என்றாள். “இருக்கிறது” என்றான். பொய் சொல்கிறான் என்று அவள் மனத்தில் நினைத்தது அவன் காதில் விழுந்தது. தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்க் கை கழுவினான். வெகுநேரம் கழுவினான்.’

சூரியன்களுக்கு நான் விரோதி இல்லை. சூரியன்களும் இருக்கட்டும், குழம்புக்கு அப்புறம்.

மலையேறுதல்

சாமி போவதை நம் ஊரில் ‘மலையேறுதல்’ என்கிறோம். சக்தி திரும்பிப் போகும் காட்சியை எழுதுமுன் அந்தச் சொல்லை நாலு தடவை சொல்லிப் பாருங்கள். ஏறுவது சாமி, கீழே மிஞ்சுவது ஆள். பெரும்பாலான நாவல்களில் ‘ஒளி மறைந்தது, அவன் மயங்கி விழுந்தான், கண் விழித்தபோது எல்லோரும் புன்னகைத்தார்கள்’ என்று முடித்துவிடுகிறார்கள். விழுவதற்கும் விழிப்பதற்கும் நடுவில்தான் விஷயமே இருக்கிறது.

பெரியம்மாவுக்குக் கற்பூரம் காட்டுவார்கள். பம்பை ஒரு சுற்று வேகமாக அடித்துச் சட்டென்று நிற்கும். அவள் பின்னால் சாய, பெரியப்பா பிடிப்பார். கொஞ்ச நேரம் முகத்தில் யாருமே இருக்கமாட்டார்கள்: அம்மனும் இல்லை, பெரியம்மாவும் இல்லை. அந்த முகம் எனக்கு அம்மன் வந்த முகத்தைவிடப் பயமாக இருக்கும். பிறகு கை மெல்ல மேலே வந்து மாராப்பைச் சரிசெய்யும். அப்போதுதான் எனக்கு மூச்சு வரும். பெரியம்மா வந்துவிட்டாள். கண்ணில் பார்வை வருமுன் கூச்சம்தான் முதலில் திரும்பி வந்தது, ஒவ்வொரு வருஷமும். ஒரு செம்புத் தண்ணீரை மூச்சுவிடாமல் குடிப்பாள். “யாருக்கு என்ன சொன்னேன்?” என்று கேட்பாள். யாரும் முழுதாகச் சொல்லமாட்டார்கள். அடுத்த கேள்வி, “பாலைக் காய்ச்சினீர்களா?” இரண்டு நாள் தொண்டை கட்டியிருக்கும், குதிகால் வலிக்கும். மூன்றாம் நாள் சாம்பலைப் பூசிக்கொண்டு முந்திரி உடைக்கப் போய்விடுவாள்.

அண்ணனுக்கு அவள் என்ன சொன்னாள் என்பதை மட்டும் யாரோ சொல்லிவிட்டார்கள். அவள் அதற்கப்புறம் பல நாள் அவனுக்குச் சோறு போடும்போது ஒரு கரண்டி கூடுதலாகவே போட்டாள். ஏன் என்று அவனுக்குத் தெரியாது. இப்படி ஒரு கரண்டி உங்கள் கடைசி அத்தியாயத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

தேவனாம்பட்டினத்துப் பிள்ளையின் நான்காம் படி போன வாரம் வந்தது. பெண்ணையாற்றுப் பாலத்தில் வண்டிகள் நெரிசலாக நின்றதால் முழுதாகவே படித்து முடித்தேன். முதல் படியில் முப்பது சொச்சம் ‘உ?’ இருந்தது. இப்போது இரண்டே இரண்டு. ஒன்று, ‘உயிர்’ என்று எழுதிக்கொண்டு வந்தவன் நூற்றுப்பத்தாம் பக்கத்தில் திடீரென்று ‘ஆன்மா’ என்று எழுதியிருக்கிறான். இன்னொன்று கடைசிப் பக்கத்தில். சக்தியைக் கடலிடமே திருப்பிக் கொடுத்துவிட்ட மறுநாள், கதாநாயகன் தன் பங்கு மீனை எண்ணாமலே கூடையில் அள்ளிப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடக்கிறான். அதன் ஓரத்தில் எழுதியிருக்கிறேன்: ‘எண்ணட்டும், தம்பி. ஒரு முறையாவது எண்ணட்டும்.’